வாத்தின் வயிற்றுக்குள் ஒரு ரேடியோ: குமரி மாவட்டக் குளங்களில் களப்பணிக்கு வருபவர்களுக்கு

சுசீந்திரம் குளக்கரையில் அந்தி சாயும் நேரம் நின்றிருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பகல் முழுக்கத் தூங்கி வழிந்த சீழ்க்கைச் சிறகிகள் விசிலடித்துக்கொண்டே எழும்பும். பத்து, இருபது என்று சேர்ந்து குளத்தின் மேல் ஒரு சுற்று சுற்றிவிட்டு இருட்டுக்குள் போய்விடும். விடிவதற்குள் திரும்பி வந்துவிடும். இரவில் எங்கே போயின? டீக்கடையில் கேட்டால் ஒருவர் தேரூர் ஏலா (வயல்வெளி) என்பார், இன்னொருவர் பறக்கைப் பக்கம் என்பார், மூன்றாமவர் "மணக்குடி காயலுக்குத்தான் போவும், நான் பாத்திருக்கேன்" என்று அடித்துச் சொல்வார். மூன்று பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம், மூன்றும் தவறாகவும் இருக்கலாம். இருட்டில் கூடவே பறந்து போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை.

இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் தேடத்தான் பறவையின் உடலில் சின்ன டிரான்ஸ்மிட்டர் பொருத்திப் பின்தொடர்கிறார்கள். அதில் ஒரு வகை, அறுவை சிகிச்சை செய்து டிரான்ஸ்மிட்டரை வயிற்றுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுவது. கேட்டவுடன் "ஐயோ பாவம்" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. விலங்கியல் படித்துவிட்டு இப்படியொரு ஆய்வில் களப்பணிக்குச் சேர நினைக்கும் மாணவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஊர்க்குளத்துப் பறவைகளை எண்ணிப் பழகி, அடுத்து என்ன என்று யோசிப்பவர்களுக்கும் உதவும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கத்தி பிடிப்பது உங்கள் வேலை இல்லை. அது கால்நடை மருத்துவரின் வேலை, அதுவும் பறவைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவரின் வேலை. ஒரு வாத்துக்கு அது அரை மணி நேரத்தோடு முடியும். அதற்கு முன்னால் சில மாதம், பின்னால் சில மாதம் இழுக்கிற வேலைதான் நம்முடையது.

கேள்வி இல்லாமல் வாத்தைத் தொடாதீர்கள்

நோட்டை எடுத்துக் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். "சுசீந்திரம் குளத்தில் பகலில் தங்கும் சீழ்க்கைச் சிறகிகள் கும்பப்பூ நெல் அறுவடைக்கு முன்பும் பின்பும் இரவில் எங்கே மேய்கின்றன?" இது கேள்வி. "நீர்ப்பறவைகளின் வாழ்க்கைமுறை" என்று எழுதினால் அது வெறும் தலைப்பு.

அடுத்து, வாத்தின் வயிற்றைத் திறக்காமலே இதற்குப் பதில் கிடைக்குமா என்று பாருங்கள். எத்தனை வாத்து இருக்கிறது, எந்த மாதம் வருகிறது என்பதற்கெல்லாம் பைனாகுலரும் பொறுமையும் போதும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் அப்படித்தான் நடக்கிறது. எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குக் காலில் மாட்டும் வளையமே பாதி பதில் சொல்லும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1927-லேயே இந்தியாவில் வளையமிடத் தொடங்கிவிட்டது. கோடியக்கரையில் பல ஆயிரம் பறவைகளுக்கு வளையமிட்டிருக்கிறார்கள். ஆனால் வளையம் இரண்டு புள்ளிகளை மட்டும் சொல்லும்: மாட்டிய இடம், மறுபடி கிடைத்த இடம். நடுவில் நடந்தது எதுவும் தெரியாது. நம் கேள்வி அந்த நடுவில் இருந்தால்தான் ரேடியோவுக்குப் போக வேண்டும்.

ஏன் வயிற்றுக்குள்ளே?

முதுகில் பை மாதிரி கட்டிவிட்டால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். கொக்குக்கும் கழுகுக்கும் அப்படித்தான் கட்டுகிறார்கள். வாத்தின் கதை வேறு. அதன் உயிரே இறகின் எண்ணெயில் இருக்கிறது. ஒரு நாளில் பல தடவை அலகால் இறகைக் கோதி, எண்ணெய் தடவி, தண்ணீர் ஒட்டாமல் வைத்துக்கொள்ளும். முதுகில் ஒரு பட்டையும் பெட்டியும் இருந்தால் கோதும் நேரமெல்லாம் அதைக் கொத்துவதிலேயே போய்விடும். பட்டைக்கு அடியில் இறகு தேயும், தண்ணீர் உள்ளே இறங்கும். முக்குளிக்கும் வாத்தாக இருந்தால் பெட்டி தண்ணீரை எதிர்த்து இழுக்கும். வட அமெரிக்காவில் முதுகுப்பட்டை கட்டிய வாத்துகள் மற்றவற்றைவிடக் குறைவாகக் கூடு வைத்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். வாத்து கூடு வைக்காததற்கு நாம் கட்டிய பெட்டியே காரணமென்றால், அந்த ஆய்வில் நாம் படித்தது பெட்டியின் கதையைத்தான்.

அதனால்தான் 1980-களில் அங்கே வயிற்றுக்குள் வைக்கும் முறையை முயன்று பார்த்தார்கள். பெருவிரல் அளவு உருளை, உடல் ஏற்றுக்கொள்ளும் பூச்சு, குடலுக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கும். இந்த முறை கொடுத்த பலன்களில் எனக்கு மிகவும் பிடித்தது அலாஸ்காவின் கண்ணாடி ஈடர் வாத்தின் கதை. கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்டது போலிருக்கும் கடல் வாத்து அது. கோடையில் எங்கே கூடு வைக்கும் என்று தெரியும். குளிர்காலத்தில் எங்கே போகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. 1995-ல், வயிற்றில் வைத்த ஒரு செயற்கைக்கோள் டிரான்ஸ்மிட்டர் பெரிங் கடலின் நடுவிலிருந்து சிக்னல் அனுப்பியது. விமானத்தில் போய்ப் பார்த்தால், உறைந்த கடலில் பனி விலகிய இடைவெளிகளில் ஈடர்கள் பெருங்கூட்டமாக அடைந்து கிடந்தன. 2007-ல் அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு 11,000 கிலோமீட்டருக்கு மேல், சுமார் எட்டு நாள் எங்கும் இறங்காமல் பறந்த பட்டைவால் மூக்கன் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் டிரான்ஸ்மிட்டரும் வயிற்றுக்குள் வைத்ததுதான்.

குறை இல்லாமல் இல்லை. அறுவை சிகிச்சையிலேயே பறவை செத்துப்போகலாம். சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் கருவியை வயிற்றுக்குள் வைக்க முடியாது, ஆக பேட்டரி தீர்ந்தால் கதை முடிந்தது. ஆன்டெனாவும் சேர்ந்து உள்ளேயே இருந்தால் சிக்னல் தூரம் போகாது. அதற்காக ஆன்டெனா கம்பியை மட்டும் வால் பக்கமாக முதுகின் வழியே வெளியே விடுகிறார்கள். கம்பி வெளிவரும் இடத்தில் ஒரு சிறு பாலியெஸ்டர் வலைத்துண்டு இருக்கும்; சதை அதற்குள் வளர்ந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும்.

எடைக் கணக்கு

டிரான்ஸ்மிட்டர் பறவையின் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 5 சதவீதத்தைத் தொடவே கூடாது. இதை நம் ஊர் வாத்துகளுக்குப் போட்டுப் பாருங்கள். வலசை வரும் நீலச்சிறகி, அதாவது ஆணுக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் வரைந்தது போலிருக்குமே அது, 350 கிராம் என்று வைத்துக்கொண்டால் சுமக்கக்கூடியது பத்தரை கிராம். சீழ்க்கைச் சிறகி 500 கிராம் என்றால் 15 கிராம். புள்ளிமூக்கு வாத்து ஒரு கிலோவைத் தாண்டும், அதற்கு 30 கிராம் வரை போகலாம்.

இந்தக் கணக்கிலேயே பாதி முடிவு வந்துவிடுகிறது. சைபீரியா, மத்திய ஆசியா வரை திரும்பிப் போகும் நீலச்சிறகியைத் தொடரச் செயற்கைக்கோள் கருவி வேண்டும். வயிற்றுக்குள் வைக்கும் அளவு பேட்டரியோடு அது அந்த உடம்புக்குப் பாரம். புள்ளிமூக்கு வாத்து தாங்கும், ஆனால் அது ஊரைவிட்டு அவ்வளவு தூரம் போவதில்லையே, செயற்கைக்கோள் எதற்கு? என் கருத்தில், நம் குளங்களுக்குப் பொருந்துவது சாதாரண வி.எச்.எஃப். டிரான்ஸ்மிட்டர்தான், அதாவது செயற்கைக்கோள் இல்லாமல் கையில் இருக்கும் ரிசீவருக்கே நேரடியாகக் கேட்கும் ரேடியோ. ஊரில் தங்கும் வாத்துக்கு அதை வைத்து, ரிசீவரும் ஆன்டெனாவும் எடுத்துக்கொண்டு நாமே காலால் நடந்து தேடுவது. செலவும் குறைவு. கால்வலி மட்டும் இலவசம்.

காகித வேலை

இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி காட்டுப் பறவையைப் பிடிப்பதே வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும். ஆய்வுக்காகப் பிடிக்க 12-ஆம் பிரிவில் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். பறவை முதல் பட்டியலில் இருந்தால் அதற்கு மத்திய அரசின் முன் ஒப்புதலும், மற்ற பட்டியலில் இருந்தால் மாநில அரசின் முன் ஒப்புதலும் தேவை. 2022 திருத்தத்தில் பட்டியல்களை மாற்றி அமைத்துவிட்டார்கள். பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதினால் விண்ணப்பம் திரும்பி வரும். தேரூர், சுசீந்திரம், மணக்குடி நீர்நிலைகள் 2015-ல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டவை. சுசீந்திரம்-தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-ல் ராம்சர் தளங்களாயின, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள் என்ற பட்டியலில் சேர்ந்தன. ஆகவே நாகர்கோவில் மாவட்ட வன அலுவலகத்துக்குத் தெரியாமல் அங்கே ஒரு வலைக்கம்பு கூட ஊன்றக் கூடாது. இதோடு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல், ரேடியோ கருவிகளுக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசை அனுமதி எல்லாம் உண்டு. தனி ஆளாக இவற்றை வாங்க முடியாது. ஒரு பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ முன்னால் நிற்க வேண்டும். நீங்கள் அதன் குழுவில் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். கடலோர மாவட்டம் இது. ராத்திரி ஒரு மணிக்கு மணக்குடிப் பாலத்தில் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு காதில் ஹெட்போனோடு நிற்பவனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். 2023 மே மாதம் மும்பையில் காலில் வளையத்தோடு பிடிபட்ட ஒரு புறாவை உளவுப் புறா என்று சந்தேகித்து, எட்டு மாதம் கழித்து 2024 ஜனவரி கடைசியில்தான் விடுவித்தார்கள். புறாவுக்கே அந்தக் கதி.

மீனவர்கள், தாமரை பறிப்பவர்கள், ஏலாவில் வேலை செய்பவர்கள் ஆகியோரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். "அண்ணாச்சி, முதுகுல கம்பி நீட்டிக்கிட்டு ஒரு வாத்தப் பாத்தா இந்த நம்பருக்கு ஒரு போன் போடுங்க" என்று சொல்லி வைத்தால், உங்கள் ரிசீவருக்குக் கேட்காத செய்தியும் வந்து சேரும்.

பிடிப்பது

இதைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது. பீகாரின் மீர்ஷிகார்கள் போலத் தலைமுறையாகப் பறவை பிடித்துப் பழகியவர்களிடமோ, அவர்களிடம் கற்றவர்களிடமோ நின்று பார்க்க வேண்டும். நிலவில்லாத இரவுகளில் வாத்து பறந்துபோகும் வழியில் மெல்லிய வலை கட்டுவது ஒரு முறை. நம் ஊரில் பெரிய தொல்லை காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்று வலையைப் பாய்மரம் போல உப்ப வைத்துவிடும். வாத்து தூரத்திலேயே பார்த்து ஒதுங்கிவிடும். காற்று அடங்கிய இரவாகப் பார்த்துக் கட்டுங்கள். தண்ணீருக்கு மேல் கட்டிய வலையை விட்டு ஒரு நிமிடம்கூட நகரக் கூடாது. வாத்து விழுந்தால் வலை தொய்ந்து தண்ணீரைத் தொடும், அப்புறம் மூழ்கியே செத்துவிடும். முட்டையிடும் காலத்தில் இந்த வேலையே வேண்டாம்.

பிடித்ததும் துணிப்பையில் போட்டு எடை பாருங்கள். இத்தனை கிராமுக்குக் கீழே இருந்தால் வளையம் மட்டும் மாட்டி விட்டுவிடுவோம் என்று முன்கூட்டியே ஒரு எல்லை எழுதி வைத்திருக்க வேண்டும். கையில் வாத்து இருக்கும்போது "பரவாயில்லை, பத்து கிராம்தானே குறைவு" என்று மனசு பேரம் பேசும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

மேஜையருகே உங்கள் வேலை

டிரான்ஸ்மிட்டரில் ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். காந்தம் இருக்கும்வரை அது தூங்கும். எடுத்தால் துடிக்கத் தொடங்கும், ரிசீவரில் அந்தத் துடிப்பு விட்டுவிட்டுச் சத்தமாகக் கேட்கும். மூன்று தடவை கேட்டுப் பாருங்கள்: கிருமி நீக்கும் முன், உள்ளே வைக்கும் முன், தைத்து முடித்த பின். மறந்துபோய்க் காந்தத்தோடு உள்ளே வைத்துவிட்டால் வாத்துக்குத் தேவையில்லாமல் ஒரு தழும்பு, உங்களுக்கு ஒரு தகவலும் கிடைக்காது. கிருமி நீக்க வேகவைக்கும் இயந்திரத்தில் போடக் கூடாது, பேட்டரி போய்விடும். எத்திலீன் ஆக்சைடு வாயுவிலோ கிருமிநாசினித் திரவத்திலோ சுத்தம் செய்து, அந்த மருந்தின் மிச்சம் இல்லாமல் காற்றாட வைத்தோ, கிருமியற்ற உப்புநீரில் அலசியோதான் பயன்படுத்துவார்கள்.

மயக்கத்துக்குப் பெரும்பாலும் ஐசோஃப்ளுரேன் வாயு. வாத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. முக்குளிக்கும்போது மூச்சை அடக்கி, இதயத் துடிப்பையும் குறைத்துக்கொள்ளும் உடம்பு அது. மூக்கில் முகமூடியை வைத்ததும் தண்ணீருக்குள் போய்விட்டோம் என்று நினைத்து மூச்சை நிறுத்திக்கொள்ளும். அதனால் தொண்டையில் குழாய் விட்டு மருத்துவர் மூச்சு கொடுப்பார். உங்களை மூச்சு எண்ணச் சொன்னால் வேறெதையும் பார்க்காதீர்கள். போன் மணியடித்தாலும் எண்ணிக்கொண்டே இருங்கள். வாத்தின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். குளிர்நாட்டு அனுபவத்தில் எழுதிய குறிப்புகள் பறவையைச் சூடாக வைத்திருக்கச் சொல்லும். நம் ஊர்ப் பகலில் தகரக் கூரைக்கு அடியில் வேலை செய்தால் அதிகச் சூடே ஆபத்து. வெப்பமானி சொல்வதைக் கேளுங்கள்.

மருத்துவர் வயிற்றின் நடுக்கோட்டில் சிறிதாகக் கீறி, காற்றுப்பைகளைக் கிழிக்காமல் டிரான்ஸ்மிட்டரை உள்ளே செலுத்துவார். பறவைக்கு நுரையீரலோடு சேர்ந்து உடம்பெங்கும் காற்றுப்பைகள் இருப்பதால் இந்த இடம்தான் மிக நுட்பமானது. இறகை மிகக் குறைவாகவே பிடுங்குவார்கள். அதிகம் பிடுங்கினால் தண்ணீர் ஒட்டும்.

மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அலாஸ்காவில் ஈடர்களுக்கு இதே அறுவை செய்தபோது சில பறவைகள் அடுத்த சில நாட்களில் செத்தன. கொடுத்த மருந்துகளில் வலிநிவாரணி கீட்டோப்ரோஃபெனும் ஒன்று. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்ததால் சந்தேகம் அதன் மேல் விழுந்தது. நமக்கு இது புதுக் கதை இல்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைத்தான் கெடுத்தது. கீட்டோப்ரோஃபெனையும் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியாவில் 2023-ல் தடை விதித்துவிட்டார்கள். "ஏதோ ஒரு வலி ஊசி" என்று யாராவது சொன்னால் எந்த ஊசி என்று பெயர் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். முழுசாகத் தெளியும்வரை பெட்டிக்குள் தண்ணீர்ப் பாத்திரம் கூடாது. அரைமயக்கத்தில் அலகை விட்டு மூழ்கும். தலை ஆடாமல் நிமிர்ந்து நின்று, உங்களைப் பார்த்துச் சீறினால் விடலாம் என்று அர்த்தம். பிடித்த இடத்திலேயே விடுங்கள். ஜோடியாகப் பிடித்திருந்தால் ஜோடியாகவே விடுங்கள்.

விடுவதற்குள் ரிசீவரில் அலைவரிசையைத் திருகிப் பார்த்து, சத்தம் எங்கே தெளிவாக இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். உடல் சூட்டில் டிரான்ஸ்மிட்டரின் அலைவரிசை கொஞ்சம் நகர்ந்திருக்கும். கம்பெனி அட்டையில் உள்ள எண்ணை நம்பித் தேடி, வாத்து பக்கத்தில் இருக்கும்போதே கேட்காமல் விட்டவர்கள் உண்டு.

காதால் தேடுவது

இதற்கு வாத்து வரும்வரை காத்திருக்காதீர்கள். குளிர்பானப் பாட்டில் ஒன்றில் உப்புநீர் நிரப்பி, பழைய டிரான்ஸ்மிட்டர் ஒன்றைப் பாலித்தீனில் சுற்றி உள்ளே போடுங்கள். உப்புநீர் உடம்பு மாதிரியே சிக்னலைக் குறைக்கும். நண்பர் ஒருவர் அதை ஏலாவில் எங்காவது ஒளித்து வைக்கட்டும். நீங்கள் தேடுங்கள். பத்து தடவை கண்டுபிடித்த பிறகுதான் உங்களுக்கு வாத்து.

நீட்டிய திசையில் அதிகம் கேட்கும், மூன்று குச்சி வைத்த யாகி ஆன்டெனாவை மெதுவாகச் சுற்றுங்கள். சத்தம் எங்கே அதிகம் என்று மட்டும் பார்த்தால் காது ஏமாற்றும். இடது பக்கம் சத்தம் மறையும் திசை, வலது பக்கம் மறையும் திசை, இரண்டையும் திசைகாட்டியில் குறித்து நடுவை எடுங்கள். பின்பக்கமும் ஒரு சின்னச் சத்தம் வரும்; அதனால் எப்போதும் முழு வட்டம் சுற்றிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். கிட்டே போகப் போக ரிசீவரின் ஒலிப்பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், இல்லாவிட்டால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்கும். திசைகாட்டியை பைக் மேல் வைத்துப் பார்க்காதீர்கள், இரும்பு முள்ளை இழுத்துவிடும்.

ஒரு திசை கிடைத்தால் ஒரு கோடுதான் கிடைத்தது. இரண்டாவது இடத்திலிருந்து இன்னொரு கோடு போட்டால் வெட்டும் இடத்தில் வாத்து. மூன்றாவது கோடு போட்டால் எவ்வளவு தப்பு செய்கிறோம் என்று தெரியும். கோடுகள் ஒன்றையொன்று 60 முதல் 120 டிகிரிக்குள் வெட்ட வேண்டும். வாத்து நிற்காதே, அதனால் இரண்டு மூன்று பேர் போனில் பேசிக்கொண்டு ஒரே நிமிடத்தில் எடுப்பது நல்லது. திசையில் 5 டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 87 மீட்டர் தள்ளிப் போகும். மூன்று கிலோமீட்டரில் 260 மீட்டர், அதாவது குளத்தில் இருக்கும் வாத்தைப் பக்கத்து வயலில் வைத்துவிடுவீர்கள். நம் கேள்வியே குளமா வயலா என்பதுதான், நினைவிருக்கட்டும்.

நிற்கும் இடங்களை முன்பே தேர்ந்து ஜி.பி.எஸ். எடுத்து வையுங்கள்: ஒரு மடை, ஒரு மறுகால், ஒரு பாலம், ஒரு மேடு. உயரம் இந்த வேலையில் பொன். சிக்னல் நேர்கோட்டில்தான் போகும். தரையில் நின்றால் தென்னந்தோப்பே தடுத்துவிடும். வாத்து காணாமல் போனால் மருந்துவாழ்மலையில் ஏறிக் கேட்பது புத்திசாலித்தனம். ஒருபுறம் வயலும் குளமும், மறுபுறம் உப்பளமும் கடலும் கண்ணுக்கு எட்டும். அதே மலை ஏமாற்றவும் செய்யும். ரிசீவரைத் தூக்கிய முதல் வாரம், பாட்டில் மலையடிவாரத்தில் இருக்கிறது என்று சத்தியம் பண்ணி ஒரு மணி நேரம் நடந்தேன். பாட்டில் எனக்கு முதுகுப் பக்கம் இருந்த வயலில் கிடந்தது. பாறையில் பட்டுத் திரும்பிய சிக்னலைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். அன்றிலிருந்து, மலையைக் காட்டும் எந்தத் திசையையும் இன்னொரு இடத்திலிருந்து சரிபார்க்காமல் நோட்டில் ஏற்றுவதில்லை.

உயரழுத்த மின்கம்பிக்கு அடியில் நின்றால் இரைச்சல்தான் கேட்கும், அங்கே நிற்காதீர்கள். மணக்குடியில் இன்னொரு சிக்கல். உப்புத்தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். வாத்து தலையை முக்கி மேயும்போது ஆன்டெனா நனைந்தால் சத்தம் விட்டுவிட்டு வரும். அதைக் கருவிக் கோளாறு என்று நினைத்துக் கிளம்பிவிடாதீர்கள்; அதுவே மேய்கிறது என்பதற்கான தடயம்.

எப்போது கேட்கிறோம் என்பதும் முக்கியம். தினமும் சாயங்காலம் டீ குடித்துவிட்டு ஐந்து மணிக்குக் குளக்கரையில் கேட்டால், வாத்து எப்போதும் குளத்தில்தான் இருக்கிறது என்று உங்கள் தரவு சொல்லும். வாரத்தில் இரண்டு முழு இரவாவது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கேட்க வேண்டும். முதல் இரண்டு வாரத் தகவலைத் தனியாக வைத்து, ஆய்வில் சேர்க்காமல் விடுவது வழக்கம். அறுவையிலிருந்து தேறும் வாத்து வழக்கம் போல நடந்துகொள்ளாது, அந்த நாட்களில் செத்தால் அது நம் கையால் செத்ததாகவும் இருக்கலாம்.

சத்தம் மாறினால்

பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்களில் அசைவை அறியும் கருவி இருக்கும். பல மணி நேரம் அசையாமல் கிடந்தால் துடிப்பின் வேகம் மாறிவிடும். அதைக் கேட்டதும் அன்றைக்கே போய்த் தேடுங்கள். ஒரு நாள் தாமதித்தால் நாயோ கீரியோ தடயத்தை அழித்துவிடும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள்; பக்கத்துக் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வளர்ப்பு வாத்துகளில் பறவைக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. கிடந்த இடத்தைப் படமெடுத்து, சுற்றியுள்ள இறகு, கால்தடம், கண்ணி எல்லாவற்றையும் குறித்துவிட்டுப் பிறகு எடுங்கள். கால்நடைத் துறைக்கும் வனத்துறைக்கும் சொல்லுங்கள்.

சிக்னல் ஒரு வீட்டுக்குள்ளிருந்து வந்தால்? கதவைத் தட்டாதீர்கள். திசையையும் நேரத்தையும் எழுதி வனத்துறையிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குங்கள். நாளைக்கும் அந்தத் தெருவழியாகத்தான் நடந்து குளத்துக்குப் போக வேண்டும்.

சத்தமே கேட்காவிட்டால் வட்டத்தை விரியுங்கள். முதலில் தேரூர், மாணிக்கபுத்தேரி, பறக்கை. பிறகு புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்கள், மணக்குடி, ராஜாக்கமங்கலம். அதன் பின் வேம்பனூர். கடைசியாகத் தேங்காப்பட்டணம் ஒருபுறம், ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிக் குளங்கள் மறுபுறம். ஒவ்வொரு இடத்திலும் "நின்ற நேரம், சுற்றிய திசை, கேட்கவில்லை" என்று எழுதுங்கள். புதிதாக வருபவர்கள் கேட்டதை மட்டும் எழுதி, கேட்காததை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் நோட்டைப் பார்க்கும்போது அந்த இரவில் தேடினார்களா, தூங்கினார்களா என்று தெரியாது.

பேட்டரி தீரும் என்று அட்டையில் போட்டிருக்கும் நாளோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொன்றும் முன்னே பின்னே ஆகும், அதற்குப் பிறகும் சில வாரம் கேட்டுப் பாருங்கள். டிரான்ஸ்மிட்டரைத் திரும்ப எடுக்க இன்னொரு அறுவை செய்வது வழக்கமில்லை, அது வாத்தோடேயே இருந்துவிடும். கம்பி ஒருநாள் ஒடிந்து விழும், கால் வளையம் மட்டும் மிஞ்சும். அதனால் கிளம்பும் முன் வளைய எண், அலைவரிசை, விட்ட தேதி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி வன அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுங்கள், குளக்கரை டீக்கடையில் ஒரு பிரதி ஒட்டுங்கள்.